குதிரைக்குப் போர்வை: எந்தப் பருவத்தில் எது, எவ்வளவு கனம்?

செப்டம்பர் 24 (வாசகர் கேள்வி)

"முதல் முறையாகக் குதிரை வளர்க்கிறேன். எட்டு வயதுப் பெட்டைக் குதிரை. பகலில் மேய்ச்சல், இரவில் லாயம். இப்போதே ராத்திரியில் எனக்குக் கம்பளி தேவைப்படுகிறது. அவளுக்கும் போர்வை போட்டுவிடலாம்தானே? நல்ல கனமான போர்வையாக ஒன்று வாங்கினால் வருடம் முழுவதும் போதுமா?"

செப்டம்பர் 25

இப்போது போடாதீர்கள். ஒரே போர்வை வருடம் முழுவதும் போதவும் போதாது.

நமக்குக் குளிர்கிறதே என்று குதிரைக்கும் குளிரும் என நினைப்பதில்தான் எல்லோரும் தடுக்கி விழுகிறோம். வளர்ந்த, நல்ல உடம்புள்ள குதிரைக்கு 5 முதல் 25 டிகிரி செல்சியஸ் வரை சுகமான வானிலை. அந்த அளவுக்குள் உடம்புச் சூட்டைக் காப்பாற்ற அது தனியாகப் பாடுபட வேண்டியதில்லை. குளிர் படிப்படியாக ஏறி, உடம்பு அதற்குப் பழகி, மயிரும் முழுதாக வளர்ந்துவிட்டால், காற்றும் ஈரமும் இல்லாத இடத்தில் மைனஸ் 15 வரைகூடத் தாங்கும்.

அதற்கு இரண்டு ஏற்பாடுகள் வைத்திருக்கிறது. ஒன்று மயிர். குளிர்கால மயிர் குளிர் வந்த பிறகு முளைப்பதில்லை. ஜூன் கடைசியில் பகல் பொழுது குறையத் தொடங்கியதுமே உடம்புக்குத் தகவல் போய்விடுகிறது. குளிரும்போது ஒவ்வொரு மயிரும் எழுந்து நிற்கும். இடையில் சிக்குகிற காற்றுதான் அதன் கம்பளி. பனி பெய்து முதுகின் மேல் உருகாமல் கிடந்தால், உள்ளே சூடு பத்திரமாக இருக்கிறது என்று அர்த்தம்.

இரண்டாவது வயிறு. உலர்புல் பெருங்குடலில் நொதிக்கும்போது சூடு உண்டாகிறது. 500 கிலோ குதிரை நாளுக்கு ஏழரை முதல் பத்து கிலோ வரை உலர்புல் தின்னும். குளிர் ராத்திரியில் அந்தப் புல்தான் அதற்கு அடுப்பு. போர்வை வாங்கும் முன் புல் கையிருப்பைப் பாருங்கள்.

போர்வையைப் பற்றி யோசிக்க வேண்டிய குதிரைகள்: மயிர் கத்தரித்தவை, மெலிந்தவை, நோயில் இருப்பவை, வெதுவெதுப்பான இடத்திலிருந்து புதிதாக வந்தவை, மழையில் ஒதுங்க இடம் இல்லாதவை. உங்கள் குதிரை இதில் எதுவும் இல்லையென்றால், குளிர்காலம் முழுவதும் போர்வையே இல்லாமல் ஓட்டிவிடலாம்.

செப்டம்பர் 25, இரவு

காலையில் எழுதியது கொஞ்சம் கறாராக இருக்கிறது. ஏன் அப்படி அழுத்திச் சொல்கிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

என்னிடம் இரண்டு குதிரைகள். செம்பன் வயதானவன், இருபத்திரண்டு நடக்கிறது. கறுப்பி இளையவள், புல்லைப் பார்த்தாலே உடம்பு வைத்துவிடுவாள். அவள் வந்த முதல் வருடம், அக்டோபரிலேயே அவளுக்கு 200 கிராம் போர்வை, அதாவது நடுத்தரச் சூடு தருவது, போட்டேன். இரவில் 8 டிகிரி. காலையில் வேலைக்கு ஓடுகிற அவசரத்தில் அதைக் கழற்றாமல் போவேன். பகலில் வெயில் அடித்து 19 டிகிரி வரை ஏறும். மாலையில் வந்து பார்த்தால் தோளுக்குப் பின்னால் ஈரமாக இருக்கும். லேசான வியர்வைதானே என்று விட்டுவிட்டேன்.

மூன்று வாரம் கழித்து முதுகைத் தேய்க்கும்போது கையில் சொரசொரவென்று பொருக்கு தட்டியது. ஒன்று பிய்ந்து வந்தபோது அடியில் மயிர் கொத்தாக ஒட்டிக்கொண்டு, சின்னத் தூரிகை மாதிரி இருந்தது. கால்நடை மருத்துவர் பார்த்தவுடனே சொல்லிவிட்டார்: டெர்மடோஃபிலஸ் என்கிற பாக்டீரியா, ஊறிப்போன தோலில் வருவது. போர்வையைக் கழற்றிவிட்டு, பொருக்கை ஊற வைத்து மெதுவாக எடுத்து, மருந்து ஷாம்பூ போட்டு, நன்றாக உலர்த்தி, ஒரு மாதம் ஆயிற்று. பொருக்கு எடுக்கும்போது அவளுக்கு வலித்தது. உதைக்கவில்லை. கழுத்தைத் திருப்பி என் தோளில் மூக்கை வைத்துக்கொண்டு நின்றாள். குளிருமே என்று நான் போட்டதுதான் அவளை அந்தப் பாடு படுத்தியது. தனக்குப் புழுங்குகிறது என்றால் அவளால் அதைக் கழற்றிப் போட முடியாது.

அக்டோபர் 2

போர்வையின் மேல் போட்டிருக்கிற எண்களைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். இரண்டு எண்கள் இருக்கும். ஒன்றுக்கும் மற்றதற்கும் சம்பந்தம் இல்லை.

கிராம் என்பது சூடு. ஒரு சதுர மீட்டர் போர்வைக்குள் எத்தனை கிராம் பாலியெஸ்டர் பஞ்சு வைத்துத் தைத்திருக்கிறார்கள் என்ற கணக்கு. 0 கிராம் என்றால் பஞ்சே இல்லாத வெறும் மழைத்துணி. 50, 100 மெல்லியது. 150 முதல் 250 வரை நடுத்தரம். 300, 400 கனமானது.

டெனியர் என்பது மேல்துணியின் நூல் எவ்வளவு தடிமன் என்பது. 9,000 மீட்டர் நூல் எத்தனை கிராம் எடையோ அதுதான் டெனியர். 600 டெனியர் தனியாக, சாதுவாக நிற்கிற குதிரைக்குப் போதும். வேலியில் உரசுகிற, கூட்டத்தில் கடித்து விளையாடுகிற குதிரைக்கு 1200 அல்லது 1680 பாருங்கள். டெனியர் கூடினால் கிழியாது, அவ்வளவுதான். சூடு கூடாது. 1680 டெனியரில் 0 கிராம் போர்வையும் உண்டு, 600 டெனியரில் 300 கிராம் போர்வையும் உண்டு. கையில் தூக்கிப் பார்த்து "கனமாக இருக்கிறது, நல்ல சூடு தரும்" என்று வாங்கினால் ஏமாந்துவிடுவீர்கள்.

அக்டோபர் 3

நேற்று எழுதியதில் ஒன்று விட்டுப்போயிற்று. டெனியரை ஒப்பிடும்போது துணி ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். ஒரே டெனியரில் நைலான் பாலியெஸ்டரைவிட உறுதி.

அக்டோபர் 11

அளவு. என்னைக் கேட்டால் கிராமைவிட இதற்குத்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். கிராம் கொஞ்சம் கூடிக் குறைந்தாலும் சமாளித்துவிடலாம். அளவு தப்பினால் புண்தான்.

குதிரையைச் சமதரையில் நேராக நிறுத்துங்கள். நெஞ்சின் நடுவில் துணி நாடாவின் முனையை ஒருவர் பிடிக்க, இன்னொருவர் தோள் துருத்தி நிற்கிற இடத்தைத் தாண்டி, பக்கவாட்டில் நேராகக் கொண்டுபோய், பின்புறத்தில் மிகவும் வெளியே தள்ளி நிற்கிற இடம் வரை அளக்க வேண்டும். தனியாக அளந்தால் நாடா தொய்யும், அளவு தப்பும். ஆனால் கடையில் சொல்கிற அளவு எதன்படி என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஐரோப்பிய அளவுமுறையில் தோள்மேட்டிலிருந்து வால் அடி வரை முதுகின் மேல் அளந்து சென்டிமீட்டரில் சொல்வார்கள். ஒரே குதிரைக்கு இரண்டு முறையிலும் வேறு வேறு எண் வரும். இது தெரியாமல் நான் செம்பனுக்கு வாங்கிய முதல் போர்வை அவன் முழங்காலைத் தொட்டது.

(தோள்மேடு என்று நான் சொல்வது, பிடரி மயிர் முடிகிற இடத்தில் எலும்பு துருத்தி நிற்குமே, அது.)

போட்டுப் பார்க்கும்போது முன் விளிம்பு தோள்மேட்டுக்கு முன்னால் நான்கு விரல் தள்ளி உட்கார வேண்டும். சரியாக மேட்டின் மேல் உட்கார்ந்தால் எலும்பை அறுக்கும். நெஞ்சுப் பக்கிளை மாட்டிய பிறகு உள்ளங்கை தட்டையாக நுழைய வேண்டும். தோள்மேட்டின் மேலும் அப்படியே. வயிற்றுக்கு அடியில் குறுக்காகப் போகிற பட்டைகளுக்கும் வயிற்றுக்கும் இடையே ஒரு கை அகலம். அதற்கு மேல் தொங்கினால் படுத்து எழும்போது கால் நுழைந்துவிடும்.

இவ்வளவும் குதிரை நிற்கும்போது. அப்புறம் கையில் ஒரு கேரட்டை வைத்துக்கொண்டு அதைத் தலை குனிய வையுங்கள், பத்து அடி நடக்க வையுங்கள். நின்றபோது கச்சிதமாக இருந்த போர்வை குனிந்தவுடன் தோளை இழுத்துப் பிடிக்கும். குதிரை நாளில் பாதிக்கு மேல் குனிந்துதானே நிற்கிறது! தோளில் மயிர் தேய்ந்து வழவழப்பாகத் தெரிந்தால் அதுதான் முதல் எச்சரிக்கை. அகன்ற நெஞ்சுள்ள குதிரைக்குத் தோளில் மடிப்பு வைத்துத் தைத்த போர்வையாகப் பாருங்கள்.

அக்டோபர் 30

"காது ஜில்லென்று இருக்கிறது, குளிர்கிறதா?" என்று ஒருவர். காதை நம்ப வேண்டாம். உடம்பு தன் நடுப்பகுதியைக் காப்பாற்ற முதலில் காதுக்கும் காலுக்கும் போகிற ரத்தத்தைத்தான் குறைக்கும். போர்வைக்குள் கையை விட்டு, தோளுக்குப் பின்னால், விலாவின் மேல் வைத்துப் பாருங்கள். வெதுவெதுப்பாக, உலர்ந்து இருக்க வேண்டும். சூடாகவோ பிசுபிசுப்பாகவோ இருந்தால் கழற்றுங்கள்.

நடுக்கம் தெரிந்தால், வாலை இடுக்கிக்கொண்டு முதுகைக் குறுக்கி நின்றால், தீனியை விட்டு விலகி நின்றால், அது குளிர்.

நவம்பர் 16

மூன்று நாளாக விடாத மழை. வெப்பம் 4 டிகிரி, கூடவே காற்று. முந்தைய வாரம் மைனஸ் 6 போனபோது இரண்டு பேரும் புல் தின்றுகொண்டு நிம்மதியாக நின்றார்கள். இன்று காலை செம்பன் வேலியோரம் வாலை இடுக்கிக்கொண்டு நடுங்கிக்கொண்டிருந்தான். கொட்டகை இருபதடி தூரத்தில்தான் இருக்கிறது. கறுப்பி வாசலில் நின்றுகொண்டு அவனை உள்ளே விடவில்லை.

மைனஸ் 6ஐத் தாங்கிய குதிரை 4 டிகிரியில் நடுங்குகிறது. ஈரம் செய்கிற வேலை இது. மயிர் நனைந்து ஒட்டிவிட்டால் இடையில் காற்று இல்லை, கம்பளியே இல்லை என்று ஆகிவிடும். அதனால் வெப்பமானியைப் பார்க்கும் முன் வானத்தைப் பாருங்கள். முதலில் வாங்க வேண்டிய போர்வை எது என்று கேட்டால் என் பதில் மழைப்போர்வை. நீர் புகாத, ஆனால் உள்ளே இருக்கிற வியர்வை ஆவி வெளியே போகிற துணி.

இதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. 0 கிராம் துணி மயிரை அமுக்கிப் படிய வைத்துவிடும். மயிரின் கம்பளியை நாமே அணைத்துவிட்டு, பதிலுக்கு வெறும் துணியைக் கொடுக்கிறோம். மழை இல்லாத கடுங்குளிர் இரவில் மெல்லிய துணி போடுவது ஒன்றும் போடாமல் விடுவதைவிட மோசமாக முடியலாம். மழைக்கு 50 அல்லது 100 கிராம் வைத்த நீர்புகாப் போர்வைதான் எனக்குச் சரியாக வந்தது. மழை நின்று மயிரும் காய்ந்திருந்தால் அன்றே கழற்றிவிடுவேன்.

நவம்பர் 17

நனைந்த குதிரைமேல் போர்வை போடலாமா என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். நேரடியாக நீர்புகாப் போர்வையைப் போட்டால் ஈரம் உள்ளேயே அடைபட்டுக்கொள்ளும். முதலில் துண்டால் தேய்த்துத் துடைத்து, மேலே ஃப்ளீஸ் அல்லது கம்பளிப் போர்வை. கம்பளி தன் எடையில் கிட்டத்தட்ட 30 சதவீதம் ஈரத்தை வாங்கிக்கொண்டும் தொட்டால் ஈரமாகத் தெரியாது. அது நனைந்ததும் எடுத்துவிட்டு உலர்ந்ததை மாற்ற வேண்டும். போட்டுவிட்டுப் போய்த் தூங்கக் கூடாது.

நேற்று என்னிடம் உலர்ந்த கம்பளி இல்லை. பழைய லாயக்காரர்கள் செய்கிறபடி, செம்பன் முதுகில் வைக்கோலை அடுக்கி, மேலே மெல்லிய சணல் துணியைப் போட்டு லேசாகக் கட்டினேன். வைக்கோல் இடையில் காற்று ஓடியது. ஒன்றரை மணி நேரத்தில் நடுக்கம் நின்று, மயிர் காய்ந்துவிட்டது. கீழே விழுந்த வைக்கோலை அவனே தின்று முடித்தான்.

கொட்டகைக்கு இன்று இரண்டாவது வாசல் வெட்டியாயிற்று. கறுப்பியால் இரண்டையும் ஒரே நேரத்தில் அடைக்க முடியாது.

டிசம்பர் 14

செப்டம்பர் 25ல் எழுதியதைத் திருத்த வேண்டியிருக்கிறது.

மெலிந்த குதிரைக்குப் போர்வை வேண்டும் என்று அன்றைக்கே எழுதினேன். மெலிந்த குதிரையை எப்படிக் கண்டுபிடிப்பது என்று எழுதவில்லை. எனக்கே தெரியவில்லை என்பது நேற்றுத்தான் புரிந்தது.

நவம்பர் மழைக்குப் பிறகு செம்பனுக்கு மழை நாளில் மட்டும் போர்வை, மற்ற நாளில் இல்லை என்று வைத்திருந்தேன். பார்க்க உருண்டையாக, கொழுகொழுவென்று தெரிந்தான். மயிர் அவ்வளவு அடர்த்தி. நேற்று மண்ணைத் தட்டிவிட, பிரஷை வைத்துவிட்டு வெறும் கையால் தடவினேன். ஒவ்வொரு விலா எலும்பும் தனித்தனியாக விரலில் தட்டியது. முதுகெலும்பின் இரண்டு பக்கமும் பள்ளம். இரண்டு மாதமாக நான் மயிரைப் பார்த்துக்கொண்டு உடம்பு என்று நினைத்திருக்கிறேன்.

ராத்திரி தூக்கம் வரவில்லை.

குதிரையின் உடம்பை 1 முதல் 9 வரை மதிப்பிடும் ஹெனெக் முறை 1983ல் வந்தது. விலா, தோளுக்குப் பின்புறம், தோள்மேடு, கழுத்து, இடுப்பு, வால் அடி ஆகிய ஆறு இடங்களிலும் கொழுப்பைப் பார்த்து, தொட்டு மதிப்பிடுவது. 5 என்றால் விலா கண்ணுக்குத் தெரியாது, தொட்டால் எளிதாகத் தட்டுப்படும். செம்பன் அக்டோபரில் 5 இருந்திருப்பான். நேற்று நான் கொடுத்தது 3. மருத்துவரும் வந்து அதையேதான் சொன்னார். கடைவாய்ப் பற்கள் தேய்ந்து, உலர்புல்லை மென்று மென்று துப்பிக்கொண்டிருந்திருக்கிறான். அடுப்புக்கு விறகு போகவில்லை. தாங்கும் அளவுக்குக் கீழே ஒவ்வொரு டிகிரி இறங்கும்போதும் உடம்புக்குச் சுமார் இரண்டரை சதவீதம் கூடுதல் தீனி தேவைப்படும். தீனியில் கிடைக்காததை உடம்பிலிருந்து எடுத்துக் கொடுத்திருக்கிறான்.

ஆகவே திருத்தம்: கத்தரிக்காத குதிரைக்குப் போர்வை வேண்டாம் என்று நான் எழுதியதை, பல் நன்றாக இருக்கிற, வாரம் ஒருமுறை கையால் தடவிப் பார்க்கப்படுகிற குதிரைக்கு மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

டிசம்பர் 15

செம்பனுக்கு இன்றிலிருந்து 200 கிராம். மைனஸ் 10க்குக் கீழே போனால் அதன் உள்ளே பட்டனில் மாட்டுகிற 100 கிராம் உள்போர்வை. ஒன்றின் மேல் ஒன்றாக மூன்று தனிப் போர்வைகள் போட மாட்டேன். எல்லாப் பாரமும் தோள்மேட்டில்தான் போய் உட்காரும். தீனிக்கு, உலர்புல் உருண்டைகளை வெந்நீரில் ஊற வைத்துக் கூழாக, நாளுக்கு நான்கு வேளை. போர்வை சூட்டை வெளியே போகாமல் பிடிக்கும், அவ்வளவுதான். சூட்டை உண்டாக்குவது தீனி.

கறுப்பிக்கு ஒன்றும் இல்லை. அவள் 7ல் இருக்கிறாள். குளிர்காலத்தில் கொஞ்சம் கரைவது அவளுக்கு நல்லது என்று மருத்துவரே சொன்னார். ஒரே வெளி, ஒரே வானிலை, இரண்டு பதில்கள்.

கத்தரித்த குதிரை பற்றிக் கேட்டவருக்கு: எவ்வளவு கத்தரித்தீர்களோ அவ்வளவு திருப்பிக் கொடுக்க வேண்டும். கழுத்தடியும் வயிறும் மட்டும் என்றால் நடுத்தரம் போதலாம். முழு உடம்பும் என்றால் கழுத்தையும் மூடுகிற கனமான போர்வை வேண்டும், அதுவும் விட்டுவிட்டுப் போட முடியாது.

ஜனவரி 6

"குதிரையையே கேட்க முடிந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். கேட்டிருக்கிறார்கள்! நார்வே ஆய்வாளர்கள் 2016ல் வெளியிட்ட ஆய்வு. 23 குதிரைகளுக்கு மூன்று பலகைகளைக் காட்டிப் பழக்கினார்கள். கிடைக்கோடு போட்டது போர்வை போடு என்பதற்கு, செங்குத்துக் கோடு போட்டது கழற்று என்பதற்கு, வெறும் பலகை அப்படியே இருக்கட்டும் என்பதற்கு. மூக்கால் தொட வேண்டும். நாளுக்குப் பத்துப் பதினைந்து நிமிடம், இரண்டு வாரத்தில் எல்லாம் கற்றுக்கொண்டன. அப்புறம் வெயில் நாளில் கழற்று என்றும், மழையும் காற்றும் குளிருமான நாளில் போடு என்றும் தொட்டன.

இதைப் படித்த பிறகு கறுப்பியின் பொருக்கை நினைக்காமல் இருக்க முடியவில்லை. அன்று அவளிடம் அந்தப் பலகை இருந்திருந்தால் மதியம் பன்னிரண்டு மணிக்கே தொட்டிருப்பாள்.

ஜனவரி 19

பக்கிளை எந்த வரிசையில் மாட்டுவது? கேட்டவர் சின்ன விஷயமாகக் கேட்டிருக்கிறார். சின்னது இல்லை.

போன வாரம் செம்பன் போர்வையைக் கழற்றும்போது நெஞ்சுப் பக்கிளை முதலில் அவிழ்த்துவிட்டேன். பின்கால் பட்டைகள் மாட்டியபடி இருந்தன. பக்கத்தில் ஏதோ தகரம் விழ, அவன் துள்ளி முன்னே பாய்ந்தான். போர்வை பின்னால் சரிந்து இரண்டு பின்கால்களிலும் சுற்றிக்கொண்டது. அவன் வயதானவன், இரண்டு உதையோடு நின்றுவிட்டான். பட்டையை அறுத்து எடுத்தேன். இளங்குதிரையாக இருந்தால் கால் உடைந்திருக்கும்.

மாட்டும்போது நெஞ்சு முதலில், பிறகு வயிறு, கடைசியில் பின்கால். கழற்றும்போது தலைகீழாக: பின்கால், வயிறு, கடைசியில் நெஞ்சு. பின்கால் பட்டைகளை ஒன்றுக்குள் ஒன்று கோத்து மாட்டினால் தொடையில் உரசாது. போர்வையை எப்போதும் கழுத்துப் பக்கம் தள்ளி வைத்துப் பின்னால் இழுத்துச் சரி செய்யுங்கள். முன்னால் இழுத்தால் மயிர் எதிர்த் திசையில் மடங்கி நாள் முழுக்க அரிக்கும்.

பிப்ரவரி 27

செம்பன் விலாவில் சதை ஏறிவிட்டது. இன்று 4 கொடுக்கலாம். கொஞ்சம் தாராளமாகப் பார்த்தால் நாலரை.

மயிர் உதிரத் தொடங்கியிருக்கிறது. பிரஷ் போட்டால் கொத்துக்கொத்தாக வருகிறது. இதற்கும் வெளிச்சம்தான் காரணம், டிசம்பர் கடைசியிலிருந்து பகல் நீள ஆரம்பித்துவிட்டதே. எனக்கு வருடத்திலேயே கஷ்டமான பருவம் இதுதான். காலையில் மைனஸ் 2, மதியம் 16. காலையில் போட்டது மதியத்துக்குப் பாவம், மதியத்துக்கு ஏற்றது விடியற்காலைக்குப் போதாது. மதியம் வந்து கழற்ற ஆள் இல்லாத நாளில் நான் நாளின் உச்ச வெப்பத்துக்கு ஏற்றபடி விடுகிறேன், காலையில் கூடுதலாக ஒரு கட்டு புல் வைத்து. இரண்டு மணி நேரக் குளிரைப் புல் சமாளிக்கும். ஆறு மணி நேர வியர்வையைச் சமாளிக்க எதுவும் இல்லை.

ஒரு எச்சரிக்கை: வயதான குதிரை வசந்தம் முடிந்தும் மயிர் உதிர்க்காமல் நீளமாகச் சுருண்டு நின்றால் குஷிங் என்ற ஹார்மோன் நோயாக இருக்கலாம். கத்தரிக்கோலை எடுக்கும் முன் மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

ஏப்ரல் 9

துவைப்பது பற்றி. சாதாரணச் சலவைத்தூள் வேண்டாம், துணியின் நீர்புகாப் பூச்சை எடுத்துவிடும். காய்ந்த மண்ணை முதலில் தட்டிவிட்டு, குளிர்ந்த நீரில், இதற்கென்றே விற்கிற மென்மையான சோப்பு. வெயிலில் முழுதாகக் காய்ந்த பிறகே மடியுங்கள். கொஞ்சம் ஈரம் இருந்தாலும் பூசணம் பிடித்துவிடும். உள்பக்கத் தையலையும் பக்கிளையும் இப்போதே பாருங்கள். முதல் மழை நாளில் பார்த்து என்ன பயன்?

ஜூன் 8

கோடையில் ஈப் போர்வை. வலைத்துணி, வெளிர் நிறம். சூடு தருவதற்கு இல்லை, கடி படாமல் இருக்க.

வரிக்குதிரை மாதிரி கோடு போட்டது வேலை செய்யுமா என்ற கேள்விக்கு: செய்கிறது. 2019ல் வெளியான ஆய்வில், வெள்ளை, கறுப்பு, கோடு என மூன்று விதப் போர்வைகளைக் குதிரைகளுக்கு மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தார்கள். கோட்டுப் போர்வையில் குதிரை ஈக்கள் உட்கார்ந்தது மிகக் குறைவு. மூடாத தலையில் மட்டும் எல்லாவற்றிலும் ஒரே அளவு. ஈக்கள் பக்கத்தில் வருகின்றன. கோட்டின் மேல் வேகத்தைக் குறைத்து இறங்கத்தான் அவற்றுக்குத் தெரியவில்லை.

குதிரை பிடரியையும் வாலடியையும் தேய்த்துத் தேய்த்துப் புண்ணாக்கிக்கொண்டால் அது வேறு. கியூலிகாய்டிஸ் என்ற மிகச் சிறிய பூச்சியின் எச்சில் ஒவ்வாமை. அதற்குச் சாதாரண ஈப் போர்வையின் கண்ணி போதாது, பூச்சி உள்ளே நுழைந்துவிடும். வயிறு, கழுத்து எல்லாம் மூடுகிற, நெருக்கமாக நெய்த போர்வை வேண்டும். விடியலிலும் அந்தியிலும்தான் அதன் நடமாட்டம் அதிகம், அந்த நேரம் லாயத்துக்குள் விசிறி போட்டு நிறுத்துங்கள். காற்றில் அதனால் பறக்க முடியாது.

கடும் புழுக்கத்தில் வலைப்போர்வைக்குள்ளும் கை விட்டுப் பாருங்கள். அக்டோபர் 30ல் எழுதியதேதான்.

செப்டம்பர் 21

முதல் கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார். 100 கிராம் நீர்புகாப் போர்வை ஒன்று மட்டும் வாங்கினாராம். வருடம் முழுவதும் அவர் குதிரைக்கு அது பதினோரு நாள்தான் தேவைப்பட்டது. "அதிகமாகச் செலவழித்துவிட்டேனா?" என்று கேட்கிறார். இல்லை. அந்தப் பதினோரு நாளுக்குத்தான் வாங்கினீர்கள். வாரம் ஒருமுறை விலாவைத் தடவிப் பார்த்துக் காலண்டரில் எண் எழுதி வைக்கிறேன் என்று சொல்லியிருக்கிறீர்களே, அதைப் படித்ததும் எனக்கு அவ்வளவு சந்தோஷம். நான் அதைச் செய்ய ஆரம்பித்ததே போன டிசம்பரில்தான்.

செம்பனுக்கு இருபத்து மூன்று. போன மாதம் பல் பார்த்தாயிற்று. இன்று காலை தடவினேன்: 5. புது மயிர் தோளில் குட்டையாக, அடர்த்தியாக முளைத்துக்கொண்டிருக்கிறது. 200 கிராம் போர்வையை வெளியே எடுத்து வெயிலில் போட்டிருக்கிறேன். போட இன்னும் நாள் இருக்கிறது. ஜனவரியில் அறுத்த பின்கால் பட்டையை இன்று மாற்றித் தைக்கிறேன்.